பந்துக்குப் பைத்தியக்காரப் பூச்சு

தோகுஜிக்கு வலது கால் கட்டைவிரலில் உயிர் போகிற வலி. பட்டறை வாசலில் ஒரு காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொக்கு மாதிரி நின்றார். வாய்க்கு வந்த வசவையெல்லாம் பாதியிலேயே விழுங்க வேண்டியிருந்தது. இடறிய பை பெண்டாட்டியுடையது. பையிலிருந்து உருண்டோடிய பந்தும் பெண்டாட்டியுடையது.

பந்து நிதானமாகத்தான் உருண்டது. பிடித்திருக்கலாம். ஆனால் ஒற்றைக்காலில் நிற்கிற மனுஷன் அஞ்சு கிலோ பந்தைத் துரத்த முடியாது. அது கல்படியில் 'டொங்'கென்று இறங்கி, மெருகுக்கல் ஊறப்போட்டிருந்த தொட்டியில் மோதி ஓய்ந்தது.

நொண்டிக்கொண்டே போய்ப் புரட்டிப் பார்த்தார். விரல் விடுகிற ஓட்டையிலிருந்து நண்டுக்கால் மாதிரி ஒரு விரிசல் இறங்கியிருந்தது. ஓரத்தில் ஒரு சில்லும் பெயர்ந்திருந்தது.

"போச்சு," என்றார். "பனி விழுந்ததும் இவ என் தலையைத்தான் உருட்டுவா."

அது பௌலிங் பந்து. அவர்கள் ஊர் ஹிரோசாகியின் ரயிலடிக்குப் பின்னால் ஒரு கூடம் இருக்கிறது. வழுவழுவென்ற மரத்தளத்தில் பந்தை உருட்டி, கோடியில் நிற்கும் பத்துக் கட்டைகளைச் சாய்க்க வேண்டும். கோடையெல்லாம் ஆப்பிள் தோட்டத்தில் ஏணியும் கூடையுமாக அலைகிற பெண்கள், பனிக்காலத்தில் அங்கேதான் கிடப்பார்கள். அவர்களுடைய அணிக்குத் தலைவி, தோகுஜியின் மனைவி கினுயே. ஆப்பிள் பறிப்பு ஆரம்பித்தால் பந்து பைக்குள் தூங்கும். முதல் பனி விழுந்த பிறகுதான் அதற்கு விடியும்.

போன பனிக்காலத்தில் கடைசி ஆட்டத்தில் பக்கத்து ஊர் குரோஇஷி அணியிடம் தோற்றுவிட்டு வந்தாள் கினுயே. தோற்றதுகூடப் பெரிதில்லை. குரோஇஷி அணித்தலைவி நருமி, தங்கத்தூள் மினுங்கும் ரோஜா நிறப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, கினுயேயின் கருநீலப் பந்தைப் பார்த்து, "என்ன அக்கா, கத்திரிக்காயை உருட்டுறீங்க? ஊறுகாய்க்காவது ஆகும், வீணாக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள். அந்தக் கூடமே சிரித்தது.

அன்று சாப்பாட்டில் கினுயே கேட்டாள். "ஏங்க, என் பந்துக்கு உங்க பூச்சைப் பூசிக் குடுங்களேன்."

தோகுஜிக்கு மீன் முள் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

உருஷி மரத்துப் பாலைத் தட்டிலும் கிண்ணத்திலும் சாப்பாட்டுக் குச்சியிலும் பூசி மெருகேற்றுவது அவர் தொழில். பல நிறத்தில் பூசி, காயவைத்து, தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து, அடியில் கிடக்கிற நிறங்களையெல்லாம் மேலே வரவழைக்கிற வேலை. ஊர்க்காரர்களே இதற்குப் பைத்தியக்காரப் பூச்சு என்றுதான் பேர் வைத்திருக்கிறார்கள். புத்தி உள்ளவன் பாதியிலேயே எழுந்து போய்விடுவான் என்று அர்த்தம்.

"மனுஷன் வாய் வைக்கிற சாமானுக்குப் பூசுற கை இது," என்றார் தோகுஜி. "தரையில வீசுற சாமானுக்கெல்லாம் பூச மாட்டேன்."

"கெஞ்சிக் கேட்டா?"

"கால்ல விழுந்து கேட்டாலும்."

கினுயே காலில் விழவில்லை. கெஞ்சவும் இல்லை. அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தோகுஜியும் தான் ஜெயித்துவிட்டதாக நினைத்து மறந்துபோனார்.

இப்போது அதே பந்து விரிசலோடு அவர் மடியில் இருந்தது. கினுயே தோட்டத்துக்குப் போயிருந்தாள். சாயங்காலம் வருவாள்.

முதல் வேலையாக, காலிப் பைக்குள் எதையாவது வைக்க வேண்டும். அதே கனம், அதே உருண்டை. சமையற்கட்டைச் சுற்றிவந்தார். முள்ளங்கி ஊறுகாய்த் தொட்டியின் மேல் அழுத்தி வைக்கிற கல், மூலையில் சும்மா கிடந்தது. ஆற்றுக்கல், நல்ல வழுவழுப்பு. அதைப் பைக்குள் போட்டு இழுத்து மூடினார். தூக்கிப் பார்த்தார். பந்தே தோற்றது. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

இனி விரிசலை ஒட்டினால் முடிந்தது கதை என்று நினைத்தார். உருஷியில் கோதுமை மாவைப் பிசைந்தால் வருகிற பசை, உடைந்த பீங்கானையே பிரித்தெடுக்க முடியாதபடி ஒட்டிவிடும். விரிசலுக்குள் பசையைத் திணித்து, கயிறு சுற்றி இறுக்கி, ஈர அலமாரிக்குள் வைத்தார். உருஷி வெயிலில் காயாது, ஈரத்தில்தான் காயும். அதனால் பூச்சுக்காரன் வீட்டில் ஒரு அலமாரி எப்போதும் மழைக்காலம் மாதிரியே இருக்கும். தூசி விழுந்தால் வேலை கெட்டது. அதனால் வீட்டு ஆள் ஒருவரும் அதைத் திறக்கக்கூடாது. கினுயே கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கதவைத் தொட்டதில்லை. பந்தை ஒளித்துவைக்க அதைவிட நல்ல இடம் ஊரிலேயே கிடையாது.

பசை காய்ந்தது. விரிசல் கல் மாதிரி பிடித்துக்கொண்டது. ஆனால் கருநீலத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு தழும்பு. அதைக் கல்லால் தேய்த்து மட்டப்படுத்தினார். தழும்பு மட்டமானது, அதைச் சுற்றிப் பந்தின் பளபளப்பு போய், ஒரு வெளிறிய வட்டம் வந்தது. வட்டத்தின் ஓரம் உறுத்தியது. ஓரத்தைத் தேய்த்தார். வட்டம் பெரிசானது. இரண்டு பக்கக் கிருதாவையும் சமமாக்குகிறேன் என்று கத்தியை எடுத்த நாவிதன், கடைசியில் மொட்டையில் வந்து நிற்பான் அல்லவா, அந்தக் கதைதான். மத்தியானத்துக்குள் முழுப் பந்தும் சாம்பல் பூத்துக் கிடந்தது.

தேய்க்கும்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பந்தில் பதினொன்று என்று ஓர் எண் பொறித்திருந்தது. அணியில் அவளுடைய எண் போலிருக்கிறது என்று நினைத்து, அந்தப் பள்ளத்தையும் மெழுகி அடைத்தார். எப்படியும் முழுசாகப் பூசத்தான் போகிறோம்.

கருநீலம் பூசினால் கினுயே கண்டுபிடிக்க மாட்டாள். நீலப்பொடி வாங்கிவந்து உருஷியில் குழைத்தார். உருஷி தானே பழுப்பு. அதற்குள் போன எந்த நீலம் நீலமாக வெளியே வந்திருக்கிறது? இது அவருக்குத் தெரியாத விஷயமில்லை. தெரிந்தும், பயத்தில் பூசினார். குளத்துப் பாசி நிறத்தில் வந்தது.

இந்த ஊரில் ஒரு வியாதி உண்டு. பூச்சு தப்பினால் யாரும் சுரண்டி எடுக்க மாட்டார்கள். அதன் மேலேயே இன்னொன்று பூசுவார்கள். அடுத்த பூச்சு எல்லாவற்றையும் சரிபண்ணிவிடும் என்கிற நம்பிக்கை இங்கே பச்சைக்குழந்தைக்குக்கூட உண்டு. தோகுஜி பாசி நிறத்தின் மேல் கறுப்பைப் பூசினார்.

அப்போதுதான் பந்தின் சுயரூபம் தெரிந்தது. கிண்ணத்துக்கு அடிப்பாகம் உண்டு. தட்டுக்கு முதுகு உண்டு. பந்துக்கு ஒன்றும் கிடையாது. எங்கே பிடிப்பது, எதன் மேல் வைப்பது? மூன்று ஓட்டையிலும் மூன்று மூங்கில் குச்சியைச் செருகி நிறுத்தினார். மேலே பூசியது மெல்ல மெல்ல வழிந்து கீழே சேர்ந்தது. சேர்ந்த இடம் தடித்து, காயும்போது கிழவன் கழுத்து மாதிரிச் சுருங்கிப்போனது.

"புரட்டிக்கிட்டே காயவைக்கணும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

புரட்டுவதற்கென்றே அவரிடம் இன்னோர் அலமாரி இருந்தது. உள்ளே மோட்டாரில் மெதுவாகச் சுழலும் சட்டம். தட்டுகளைக் கவ்வி வைத்தால் தலைகீழாகவும் நேராகவும் மாறி மாறித் திரும்பி, பூச்சு எந்தப் பக்கமும் வழியாமல் காயும். சட்டத்தின் ஒரு பக்கத்தில், மொத்த வியாபாரி கேட்டிருந்த சாப்பாட்டுக் குச்சிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. மறுபக்கம் பந்தைக் கட்டி, விசையைத் தட்டினார்.

சட்டம் பாதி சுற்றுவரை முனகிக்கொண்டே பந்தை மேலே தூக்கியது. மேலே போனதும் அச்சு முறிந்தது. பந்து குச்சிகளின் மேல் விழுந்த சத்தம் தெருக்கோடிவரை கேட்டிருக்கும்.

அன்று சாப்பாட்டில் கினுயே கேட்டாள். "பட்டறையில என்ன சத்தமாம்? பக்கத்து வீட்டுக்காரங்க பூகம்பம்னு நினைச்சு வெளிய ஓடிவந்துட்டாங்களாம்."

"பூனை."

"நம்ம வீட்டுலதான் பூனை இல்லையே?"

"அதான் விரட்டிட்டேன்."

கினுயே சூப்பை உறிஞ்சினாள். 

குச்சிகள் போனதால் வியாபாரிக்குப் போன் போட்டு அவகாசம் கேட்க வேண்டியிருந்தது. அவர் காரணம் கேட்டார். வாயில் முதலில் வந்ததைச் சொன்னார் தோகுஜி. "வலது கை தூக்க முடியலீங்க. தோள்பட்டையில பிடிச்சுக்கிச்சு."

வியாபாரி நல்ல மனுஷன். அதுதான் வம்பு. மறுநாளே ஒரு பெட்டித் திராட்சையும் வலிக்கு ஒட்டுகிற பட்டையும் வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்து, கினுயேயிடம் குசலம் விசாரித்துவிட்டுப் போய்விட்டார்.

"கையைத் தூக்க முடியலையாமே?" என்று பட்டறைக்கு வந்தாள் கினுயே. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? காட்டுங்க."

"பரவாயில்லை, சரியாயிடுச்சு."

"சரியாச்சுன்னா அவரோட திராட்சையைத் திருப்பிக் குடுக்கணும். காட்டுங்க."

தோளிலிருந்து மணிக்கட்டுவரை பட்டையை ஒட்டி, அதன் மேல் துணியைச் சுற்றி, ஆப்பிள் கிளைக்கு முட்டுக் கட்டுவதுபோல் இறுக்கிக் கட்டினாள். வலது கை தடி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது.

"தினமும் நானே கட்டிவிடுறேன். அவிழ்க்கக் கூடாது," என்றாள்.

அதற்கப்புறம் எல்லா வேலையும் இடது கையில்தான். பகலெல்லாம் ஈர அலமாரி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூங்கில் குச்சியைப் பிடித்து, பந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே இருப்பார். கரியடுப்பில் மீன் சுடுகிறவன்கூட நடுவில் எழுந்து போகலாம். இதில் மூத்திரத்துக்குப் போனால்கூட ஒரு பக்கம் வழிந்துவிடும். இடுப்பு விட்டுப்போனது. கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பியே நின்றது. உழைத்துக் காய்த்த உடம்புதான். ஆனால் இப்படி உட்கார்ந்தே நொறுங்கியது கிடையாது.

இப்படித் திருப்பித் திருப்பிக் காயவைத்தும், அடியில் பழைய சுருக்கங்கள் மேடு பள்ளமாகத் தெரிந்தன. சமமான பூச்சு இனி நடக்காது. மேடும் பள்ளமுமே வேண்டும் என்று கேட்கிற பூச்சு ஒன்றே ஒன்றுதான் உண்டு.

 தோகுஜி ஓட்டைக் கரண்டியை எடுத்தார். கெட்டியான உருஷியை அதில் தொட்டுப் பந்து முழுக்கப் புள்ளி புள்ளியாக ஒற்றினார். பந்து பலாப்பழம் மாதிரி ஆனது. அதன் மேல் மஞ்சள். அதன் மேல் அங்கங்கே சிவப்பு, பச்சை. அதன் மேல் வெள்ளீயத்தூள். அதன் மேல் மறுபடி கறுப்பு. கினுயே பார்த்தால் என்ன சொல்வாள் என்கிற கவலையெல்லாம் எப்போது கழன்றுபோனது என்று அவருக்கே தெரியாது. கை தன் பாட்டுக்குப் போனது. தட்டில் ஒரு பூச்சு, தட்டு முடிகிற இடத்தில் முடிந்துவிடும். பந்தில் முடிவே இல்லை. பூசிக்கொண்டே போனால் ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்கும். வந்து சேர்கிற இடம் தெரியக் கூடாது. இப்படி ஒரு சவால் இத்தனை காலத்தில் அவர் முன்னால் வந்து நின்றதில்லை.

பனி நெருங்கியது. ஆப்பிள் பறிப்பு முடிந்து, கினுயே வீட்டோடு இருக்க ஆரம்பித்தாள்.

"ஊறுகாய்க் கல்லைக் காணோமே," என்றாள் ஒருநாள், முள்ளங்கிகளைத் தொட்டியில் அடுக்கிவிட்டு.

"பக்கத்துத் தெரு ஃபுகுஷி வீட்டுல இரவல் கேட்டாங்க."

"அவங்கதான் ஊறுகாயே போடுறதில்லையே?"

"இந்த வருஷம் போடுறாங்களாம்."

"அப்ப நான் போய் வாங்கிட்டு வந்துடுறேன்."

"வேணாம் வேணாம்! குடுத்ததைத் திருப்பிக் கேட்டா நல்லாவா இருக்கும்? நான் ஆத்துல போய் வேற எடுத்துட்டு வரேன்."

"கை வலியோடயா?"

"இடது கை இருக்கே."

இவாகி ஆற்றில் தண்ணீர் ஊசியாகக் குத்தியது. ஒரு கல்லைக் கட்டிப்பிடித்துத் தூக்கி வந்தார். கினுயே வாங்கிக் கழுவினாள். "இது சின்னது," என்றாள். மறுபடி போனார். மறுபடி கொண்டுவந்தார். "இது சப்பை. பழைய கல்லு நல்ல உருண்டையா, பந்து கணக்கா இருக்கும்," என்று பெருமூச்சு விட்டாள். தோகுஜி மூன்றாவது முறையும் ஆற்றுக்குப் போனார். கல் வைத்திருந்த பை, வழியெல்லாம் அவர் கண்ணுக்குள்ளேயே நின்றது.

அடுத்த தலைவலி ஓட்டைகள். மூங்கில் குச்சியை உருவி, தன் விரலை விட்டுப் பார்த்தார். பூச்சு உள்ளே இறங்கியும்கூட, அவருடைய தடித்த கட்டைவிரலே உள்ளே தாராளமாகச் சுற்றி வந்தது. கினுயேயின் விரல் இதில் எப்படி நிற்கும்? ஏணியும் கூடையும் சுமந்து விரல்கூட இளைத்துப்போய்விட்டதா? அவருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. ஓட்டையை மெழுகி அளவுக்குக் கொண்டுவரலாம். ஆனால் அளவு வேண்டுமே. கேட்கவும் முடியாது.

களிமண் பொடியையும் உருஷியையும் ஒரு கிண்ணத்தில் குழைத்து எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக்குப் போனார்.

"கினுயே, இதுல விரலை விட்டுப் பதம் பாரேன். எனக்குக் கட்டுப் போட்ட கை."

கல்யாணமான புதிதில் உருஷி பட்டு முகமெல்லாம் பூசணிக்காயாக வீங்கினவள்தான். இப்போது அவள் தோலுக்கு உருஷியும் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான்.

"எந்த விரல்?"

"எது வேணும்னாலும்."

கினுயே கட்டைவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் விரித்து நேராக இறக்கினாள். அசையாமல் வைத்திருந்து எடுத்தாள்.

"ஆழம் போதுமா?" என்றாள்.

"போதும் போதும்."

தோகுஜிக்குத் தன் சாமர்த்தியத்தை நினைத்து நெஞ்சு விரிந்தது. ஒரு வார்த்தையும் வெளியே விடாமல் மூன்று விரலின் அளவும் வாங்கியாகிவிட்டது! அன்றைக்கே மூன்று ஓட்டையையும் அந்த அளவுக்கு மெழுகினார்.

கடைசியாகத் தேய்ப்பு. கறுத்துக் கரடுமுரடாகக் கிடந்த பந்தைத் தொட்டியில் வைத்து, தண்ணீர் விட்டு, கல்லால் தேய்த்தார். முதலில் ஒன்றுமில்லை, கறுப்புச் சேறுதான் வழிந்தது. தோள் எரிந்தது. துணிக்கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டு இரண்டு கையாலும் தேய்த்தார். அப்புறம் ஒரு மஞ்சள் புள்ளி கண்ணைத் திறந்தது. அதைச் சுற்றிச் சிவப்பு வளையம். அதையொட்டிப் பச்சை. பாசி நிறத்தில் கெட்டுப்போனதென்று மூடிய அந்த முதல் பூச்சுகூட, ஒரு மேட்டின் நடுவிலிருந்து எட்டிப் பார்த்தது. அது இல்லாவிட்டால் பக்கத்துச் சிவப்பு இவ்வளவு எரியாது. பனி உருகும்போது ஆப்பிள் தோட்டத்துத் தரையில் போன வருஷத்துச் சருகும் இந்த வருஷத்துப் புல்லும் கலந்து கிடக்குமே, அதை யாரோ உருட்டிக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது. எங்கே திருப்பினாலும் முடிவு தெரியவில்லை. எங்கே ஆரம்பித்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

மெருகும் ஏற்றி முடித்தார். பந்தில் தன் முகம் தெரிந்தது. தாடியெல்லாம் வளர்ந்து, பைத்தியம் மாதிரித்தான் இருந்தார்.

அன்றிரவே முதல் பனி விழுந்துவிட்டது. ஆட்டநாள் காலையில் கல்லை எடுத்துவிட்டுப் பந்தைத் துணியில் பொதிந்து பைக்குள் வைத்தார்.

"நானும் வரேன். பையை நான் தூக்குறேன்," என்றார்.

"என்னிக்கும் இல்லாத அதிசயமா இருக்கு," என்றாள் கினுயே. "கை?"

"போயிடுச்சு."

"எங்கே போச்சு?"

"வலி போயிடுச்சும்மா!"

கூடத்தில் குரோஇஷிப் பெண்கள் ஏற்கெனவே வந்திருந்தார்கள். நருமி தன் ரோஜா நிறப் பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "வாங்க அக்கா! கத்திரிக்காய் வந்துச்சா?" என்றாள். சிரிப்பு எழுந்தது.

கினுயே பையைத் திறக்கப் போனாள். தோகுஜி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். 

"கினுயே, ஒரு விஷயம். உன் பந்தை நான் உடைச்சிட்டேன். பறிப்பு ஆரம்பிச்ச அன்னிக்கு. தெரியாம இடறிட்டேன். ஒட்டினேன்... அப்புறம் பூசினேன்... அப்புறம் மறுபடி..."

கினுயே துணியை விலக்கினாள். கூடத்துக் குழல்விளக்கு முழுசும் பந்தின் மேல் வந்து உட்கார்ந்தது. அவள் அதை உள்ளங்கையால் ஒரு சுற்றுத் தடவினாள். பிறகு சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"அழாதே கினுயே," என்றார் தோகுஜி. 

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூன்று விரலையும் பந்துக்குள் விட்டாள். கையுறை மாதிரிப் பொருந்தியது.

"எங்கே போற?"

"உருட்ட."

"ஐயோ, வேணாம்! இங்கேதான் வாடகைப் பந்து கிடக்கே, அதுல ஒண்ணை எடுத்துக்கோ. இதைத் தரையில போட்டா..."

"உருட்டறதுக்குப் பூசினீங்களா, உண்டியல்ல போடறதுக்குப் பூசினீங்களா?"

தோகுஜி கண்ணை மூடிக்கொண்டார். பந்து மரத்தில் இறங்குகிற சத்தம் கேட்டது. நீள உருண்டது. பிறகு சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தால், ஓரத்துப் பள்ளத்தில் விழுந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு கட்டைகூடச் சாயவில்லை. வழக்கமாக அவள் உருட்டினால் பந்து கடைசியில் உள்பக்கமாக வளையும். இது வளையவில்லை. எண்ணெய் போட்ட தளத்தில் பனிச்சறுக்கு மாதிரி நேராகவே போனது. மெருகு அவ்வளவு.

"அழகா இருந்தா போதுமா?" என்றாள் நருமி.

இயந்திரத்தின் வாய் வழியாகப் பந்து திரும்பி வந்தது. தோகுஜி ஓடிப்போய், பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. மூக்குத்தண்டால் உரசிப் பார்த்தார். இல்லை.

"குடுங்க," என்றாள் கினுயே. இந்த முறை இரண்டடி தள்ளி நின்றாள். பந்து நேராகப் போகும் என்றால் நேராகவே விட வேண்டியதுதானே! விட்டாள். உருளும்போது நிறமெல்லாம் கலந்து ஒரே செம்பொன்னாக நீண்டது. கோடியில் பத்தும் சாய்ந்தன. இடி இடித்தது.

அதற்கப்புறம் அங்கே நடந்தது ஆட்டமே இல்லை. பந்து போகும்போது யாரும் கட்டைகளைப் பார்க்கவில்லை. திரும்பி வருகிற வாயைச் சுற்றிக் கூட்டம் நின்றது. குரோஇஷிப் பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். "நருமி, உன் முறை!" என்று அவளுடைய ஆட்களே கத்தினார்கள். நருமி கினுயேயின் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள். 

"இதுல எத்தனை பூச்சு இருக்கும் அண்ணே?" என்றாள் தோகுஜியிடம்.

"எண்ணலை. எண்ணினா பூச முடியாது."

"எங்கே ஆரம்பிச்சீங்கன்னே தெரியலையே..."

"எனக்கும் தெரியலைம்மா."

நருமி தன் ரோஜா நிறப் பந்தை எடுத்தாள். அதைப் பார்த்தாள். திரும்பி இதைப் பார்த்தாள். உருட்டினாள், பள்ளத்தில் போய் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. கடைசிச் சுற்றில் கினுயே மறுபடி பத்தையும் சாய்த்தபோது, முதலில் கைதட்டினது நருமிதான்.

"அக்கா, வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டேன். மன்னிச்சுக்குங்க," என்று கினுயே முன்னால் குனிந்து நிமிர்ந்தாள். பிறகு தோகுஜியின் பக்கம் திரும்பினாள். "அண்ணே, எனக்கும் இதே மாதிரி ஒண்ணு பூசிக் குடுப்பீங்களா? எங்க அணிக்கே வேணும்."

தோகுஜி மார்பை நிமிர்த்தினார். மனுஷன் வாய் வைக்கிற சாமானுக்குப் பூசுற கை இது, தரையில வீசுற சாமானுக்கெல்லாம் என்று ஆரம்பிக்கத்தான் போனார். வாய் வேறு எதையோ சொன்னது.

"அடியில என்ன நிறம் வேணும்?"

கினுயே வெற்றிக் கோப்பையை வைத்துக்கொண்டு படம் எடுக்க நின்றாள். தோகுஜி பந்தை மடியில் வைத்துக்கொண்டு ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். இந்தத் தோகுஜித் தடியன் மட்டும் அன்றைக்குப் பார்த்து நடந்திருந்தால், இப்படி ஒரு பொருள் உலகத்திலேயே இருந்திருக்காது என்று நினைத்தபோது, நசுங்கின கால் கட்டைவிரல் நகத்தின் மேலேயே அவருக்குப் பாசம் வந்தது.

இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து சோமா வெளியே வந்தான். கட்டைகளை நிறுத்துகிற இயந்திரத்தையும் வாடகைப் பந்துகளையும் பார்த்துக்கொள்கிறவன். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே பெஞ்சுக்கு முன்னால் குந்தி, பந்தை நன்றாகப் பார்த்தான்.

"அடேயப்பா! இதை இனிமே திருப்பிக் கேட்கவும் மனசு வராது அண்ணே," என்றான். "ஆனா அக்காகிட்ட சொல்லிடுங்க. அவங்க சொந்தப் பந்து இங்கே பெட்டிக்குள்ளதான் தூங்குது. 'பட்டறை வாசப்படியில வைக்கணும், ஏற்கெனவே விரிசல் விட்டதாப் பார்த்து ஒண்ணு குடு'ன்னு பறிப்புக்கு முன்னாடி என்கிட்ட வாங்கிட்டுப் போனாங்க பாருங்க, அந்தப் பதினொண்ணாம் நம்பர் வாடகைப் பந்து இன்னும் எனக்குப் பாக்கி."